ஒழுங்கைக் குரூப்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் எங்கள் ஒழுங்கைக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் எப்போது நிற்கும், குப்பை லொறி எப்போது வரும் என்று சொல்லத் தொடங்கியது. இன்றைக்கு ஒழுங்கையில் குடியிருப்பவர்களைவிட ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள்தான் அதில் அதிகம். இதேபோல ஒன்று தொடங்க யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

2022இல் காஸ், பெற்றோல், கரண்ட் மூன்றும் இல்லாமல் போன நாட்களில் குரூப் இல்லாவிட்டால் திண்டாடியிருப்போம். எந்தப் பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் பவுசர் வந்திருக்கிறது, வரிசை எந்தச் சந்தி வரை நிற்கிறது என்று வரிசையில் நிற்பவரே வொய்ஸ் போடுவார். "காஸ் லொறி நிக்குது, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்க" என்று முன்வீட்டு அக்கா மூச்சிரைக்கப் போட்டதைக் கேட்டு, பல் தீட்டின வாயோடு ஓடியவர்கள் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியபோதும் பாய், பால்மா, சாரம் எல்லாம் குரூப்பால்தான் சேர்ந்தது. காசில் பாதி கனடாவிலிருந்து வந்தது. மூட்டை ஏற்றிய பெடியன்களில் பாதிப் பேர் குரூப்பிலேயே இல்லை.

சிக்கலும் அந்தக் காசோடுதான் வந்தது. எங்கள் சனசமூக நிலையத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் இருந்தார்கள். வருடத்துக்கொரு பொதுக்கூட்டம் நடக்கும், கணக்கறிக்கை வாசிப்பார்கள், தேநீர்ச் செலவுக்கே அரை மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். குரூப்பில் அட்மின் இருக்கிறார். அவரை யாரும் தெரிவு செய்யவில்லை, குரூப்பைத் திறந்தவர் அவர், அவ்வளவுதான். வெள்ளக் காசுக்கு ஒருவர் கணக்குக் கேட்டார். அன்றிரவே அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று செட்டிங் மாறிவிட்டது. களவு என்று சொல்லவரவில்லை, பற்றுச்சீட்டுப் படங்கள் பிறகு வந்தன. ஆனால் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பி நின்று கத்தினால் அவரை அமர்த்த நாலு பேராவது வேண்டும். இங்கே ஒரு விரல் போதும்.

இன்னொன்று. யாரும் சத்தமில்லாமல் விலகலாம், அட்மினுக்கு மட்டுமே அறிவித்தல் போகும் என்ற மாற்றம் 2022இல் வந்தது. அதற்கு முன் இன்னார் விலகினார் என்று வரி விழுந்தவுடன் யாராவது போன் எடுத்து "என்ன கோபம்?" என்று கேட்பார்கள், இரண்டு நாளில் ஆள் திரும்பி வந்துவிடுவார். கணக்குக் கேட்டவர் எப்போது போனார் என்றே எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது வேலி.

செத்தவீடு என்றால் அறிவித்தல் விழுந்த நிமிடத்திலிருந்து கும்பிட்ட கைகள் வரிசையாக வரும். பந்தல் போட, கதிரை இறக்க, இரவு முழுக்க நிற்க அதே ஏழெட்டுப் பேர்தான். அதே நேரம், விசா சிக்கலால் வர முடியாத மகன் தாயின் கிரியையை வீடியோவில் பார்த்து அழுததையும் கண்டிருக்கிறேன். அதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வதந்தி பற்றிச் சுருக்கமாக: இந்தோனேசியாவில் நிலம் நடுங்கினால் இங்கே சுனாமி வொய்ஸ் ஓடும். 2004ஐக் கண்ட ஊர், பயம் நியாயம். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஒரு ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று 2020இல் கட்டுப்பாடு வந்தது. பெரியம்மாமார் ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள்.

சரி, தொடங்குவதென்றால் தொடங்குங்கள். இரண்டு அட்மின் வையுங்கள், ஒருவராவது ஊரில் இருப்பவராக இருக்கட்டும். காசு சேர்த்தால் கணக்கைத் தாளில் எழுதி வாசிகசாலைப் பலகையிலும் ஒட்டுங்கள், போன் இல்லாதவர்களும் பார்ப்பார்கள். காலை வணக்கப் படங்களுக்கு மட்டும் மருந்தில்லை, மியூட்தான்.