ரீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதுமா?

என் மேசை இழுப்பறையில் இப்போது தூண்டில் ரீலுக்கென்று இரண்டே பொருள்கள்: ஒரு தையல் மெஷின் எண்ணெய் பாட்டில், ஒரு ட்யூப் மரைன் கிரீஸ். தூண்டிலில் இறங்கிய புதிதில் ரீல் கம்பெனியே விற்கும் எண்ணெய், கிரீஸ் செட்டைத்தான் வாங்கினேன். நடுவில் ஸ்ப்ரே அடித்தும் பார்த்தாயிற்று. மூன்றையும் கடந்து வந்து ஒன்றில் நின்றிருக்கிறேன், அதனால் நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை.

நான் மீன் பிடிப்பது சென்னைப் பக்கம், பெரும்பாலும் முட்டுக்காடு கழிமுகத்திலும் கோவளம் கரையிலும், எப்போதாவது பழவேற்காட்டிலும். எல்லாமே உப்புத் தண்ணீர். ரீல்கள் 3000, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல்கள். ஏரியிலும் அணையிலும் மட்டும் தூண்டில் போடுகிறவருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. எதைப் போட்டாலும் ஓடும்.

முதலில் ஸ்ப்ரேயை முடித்துவிடுவோம். டபிள்யூடி-40 என்ற பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: தண்ணீரை வெளியேற்றும் கலவை, நாற்பதாவது முயற்சி. 1953-ல் சான் டியேகோவில் உருவாக்கினார்கள். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க அது பயன்பட்டது. ரீலுக்குள் அடித்தால் இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி சுற்றும். ஆனால் உள்ளே இருந்த கிரீஸை அதுவே கரைத்துக் கீழே இறக்கிவிட்டிருக்கும். அதன் பிறகு கிர்கிர் சத்தம்தான். இறுகிப்போன திருகைக் கழற்ற நல்லது, அதோடு சரி. தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெய் அது. மார்கழி விடியற்காலையில் ரீலை எடுத்துச் சுற்றிப் பார்த்தால் தெரியும்.

மிச்சமிருக்கும் போட்டி கம்பெனி செட்டுக்கும், தையல் மெஷின் எண்ணெய், மரைன் கிரீஸ் என்ற கடைவீதிக் கூட்டணிக்கும்தான். தரத்தைப் பொறுத்தவரை கம்பெனி எண்ணெய் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உலோகத்தைக் கொஞ்சம் கூடப் பிடித்து நிற்கிறது, ஊசி மாதிரி முனை இருப்பதால் வேண்டிய இடத்தில் ஒரே சொட்டு விழுகிறது. விலை வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நான் மாறியது காசுக்காக இல்லை.

ரீலில் முதலில் சாகிற பாகம் லைன் ரோலர், அதாவது நூல் திரும்பி உள்ளே வரும் சின்ன உருளை. நூல் கடலிலிருந்து உப்பைச் சுமந்து வந்து முதலில் உரசுவது அதன்மேல்தான். உள்ளே பட்டாணி அளவில் ஒரு பேரிங் இருக்கும், சில ரீலில் வெறும் பிளாஸ்டிக் புஷ். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே தங்கி, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது வீட்டுப் பாத்திரத்துக்குப் பொருந்தும். உப்பில் இருக்கும் குளோரைடு அதன் மேல்படலத்தைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். அதனால் அந்த ரோலருக்கு எந்த எண்ணெயைப் போட்டாலும், அடுத்த முறை கடலுக்குப் போய் வந்ததும் திரும்பப் போட்டே ஆக வேண்டும். ஆறு மாதம் நிற்கிற எண்ணெயாக இருந்தாலும் உப்பு அதை ஆறு மாதம் விடாது.

என் அனுபவம் இங்கேதான் திரும்பியது. சின்ன பாட்டில் கம்பெனி எண்ணெய் கையில் இருந்தபோது சொட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ‘போன வாரம்தானே போட்டோம், இந்த முறை விட்டுவிடலாம்’ என்று தள்ளிப்போட்டேன். ஒரே மழைக்காலத்தில் ரோலர் பேரிங் இறுகிவிட்டது. ரோலர் சுற்றாமல் நின்றதால் நூல் ஒரே இடத்தில் தேய்ந்து பஞ்சு பஞ்சாக வந்தது. தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறியதும் கை தாராளமானது. ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் ரோலருக்கு ஒரு சொட்டு, பெயில் என்கிற, நூலைச் சுற்றிவிடும் வளைகம்பி திரும்பும் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு சொட்டு, கைப்பிடிக் குமிழுக்கு ஒன்று. விரலால் சுழற்றிவிட்டு, வழிந்ததை டிஷ்யூவில் துடைப்பேன். தண்ணீர் மாதிரி நிறமில்லாத எண்ணெய் என்பதால் டிஷ்யூவில் காவி நிறம் தெரிந்தால் பேரிங் போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த எச்சரிக்கை எனக்கு இரண்டு முறை உதவியிருக்கிறது.

எண்ணெய் போடுமுன் கழுவ வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விடும் பிரேக்) நன்றாக இறுக்கிவிட்டு, குழாயை லேசாகத் திறந்து நனைத்தால் போதும். வேகமாக அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். வாளியில் முக்கவே கூடாது. பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவிட வேண்டும். இன்னொன்று: கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவிவிட்டு, கழுவியும் துரு வருகிறதே என்று கேட்பது வேடிக்கைதான். ஒரு சொம்பு கேன் தண்ணீர் போதும்.

கிரீஸ் விஷயத்தில் கணக்கு அப்படியே தலைகீழ். பல்சக்கரம் இருக்கும் பெட்டியை நான் வருஷத்துக்கு ஒரு முறைதான் திறக்கிறேன். அங்கே போடுவது ஒரு வருஷம் நிற்க வேண்டும், எனவே தரத்தில் சிக்கனம் கூடாது. மெக்கானிக் கடையில் கிடைக்கும் சக்கர பேரிங் கிரீஸையும் போட்டுப் பார்த்தேன். சின்ன ரீலுக்கு அது ரொம்பக் கெட்டி, கைப்பிடி மாவாட்டுவது போல் கனத்தது. கிராஃபைட் கலந்த கருப்பு கிரீஸ் இன்னும் மோசம். அலுமினியத்தோடு கிராஃபைட்டும் உப்பு ஈரமும் சேர்ந்தால், சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். படகுக்காரர்கள் பயன்படுத்தும் மரைன் கிரீஸ், அதிலும் கால்சியம் வகை, தண்ணீரில் லேசில் கரைந்து போகாது. கம்பெனி கிரீஸும் நன்றாகவே இருந்தது. கையில் இருந்தால் அதையே போடுங்கள், இந்த இடத்தில் எனக்கு அதனுடன் சண்டை இல்லை. எதைப் போட்டாலும் பழையதைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டுப் போடுங்கள். இரண்டு வகை கிரீஸ் ஒன்றோடொன்று சேராமல் நீர்த்துப்போவது உண்டு.

அளவு பற்றி ஒரு சொந்தக் கதை. முதல் முறை பிரித்தபோது, நிறையப் போட்டால் நிறையக் காலம் உழைக்கும் என்று நினைத்துப் பெட்டியை கிரீஸால் நிரப்பிவிட்டேன். அது மெல்ல மேலேறி, கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி கிளட்சுக்குள் போய்விட்டது. அந்த கிளட்சில் இருக்கும் குட்டி உருளைகள் இடுக்கில் சட்டென்று சிக்க வேண்டும், கிரீஸில் அவை வழுக்கிவிடும். முட்டுக்காட்டில் நல்ல கொடுவா ஒன்று மாட்டி முதல் ஓட்டம் ஓடியபோது, கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று என் விரல் முட்டியில் அடித்தது. நூல் தளர்ந்த அந்த ஒரு நொடியில், ஒரு துள்ளலில் கொடுவா கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கிளட்சை அலசி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விட்டேன். அன்றிலிருந்து பல்லுக்குப் பல் மெல்லிய பூச்சுதான், பழைய டூத் பிரஷ்ஷால்.

பிரிக்கும்போது பாகங்களை வரிசை மாறாமல் வைக்க எனக்குக் கிடைத்த சிறந்த கருவி இட்லித் தட்டு. குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே. தாள் மாதிரி மெல்லிய வாஷர்கள்கூடத் தொலைவதில்லை. அந்தத் தட்டு திரும்பச் சமையலறைக்குப் போக வாய்ப்பில்லை, அதனால் முதலிலேயே பழையதாகப் பார்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

என் எண்ணெய்-கிரீஸ் கூட்டணி எடுபடாத இடங்களும் உண்டு. டாய்வா கம்பெனியின் மேக்சீல்ட் ரீல்களில் காந்தத்தால் பிடித்து வைத்த தனி எண்ணெய்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அங்கே வேறு எண்ணெய் விட்டால் அந்தத் தடுப்பே குலையும், அதை சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். டிராக் வாஷர் பக்கமும் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். கம்பளி வாஷருக்கும் கார்பன் வாஷருக்கும் டிராக் கிரீஸ் என்று தனியாக உண்டு. மற்ற எண்ணெய் பட்டால் நூல் சீராகப் போகாமல் விட்டு விட்டு இழுக்கும்.

பெயிட்காஸ்டர், அதாவது வீசும்போது நூல் சுற்றிய ஸ்பூலே சுழலும் வகை ரீல் பற்றி என்னால் அழுத்திச் சொல்ல முடியாது. நண்பர் ஒருவருடையதை இரண்டு மாதம் வைத்திருந்தேன். அதன் ஸ்பூல் பேரிங்கில் கம்பெனி எண்ணெய் விட்டபோது வீச்சு கொஞ்சம் நீண்டது போலத் தோன்றியது, என் கற்பனையாகவும் இருக்கலாம். அதற்காகத்தான் அந்தச் சின்ன பாட்டிலை அவரிடமே கொடுத்துவிட்டேன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.