லோகோ மாற்றப் போய்க் கடைப் பெயரையே இழக்கப் பார்த்தோம்

தாத்தா ஆரம்பித்து, அப்பா நடத்தி, இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்ளும் தொழில். பலகையில் இருப்பதும் தாத்தா பெயர்தான். லோகோவைக் கொஞ்சம் புதுப்பிக்கலாம் என்றுதான் ஒரு ஏஜென்சியிடம் போனோம். இரண்டாவது சந்திப்பிலேயே, "ஆள் பெயரில் இருக்கிற தொழில் வளராது, பெயரையே மாற்றிவிடுங்கள்" என்றார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம்கூட அவர்கள் பேசியிருக்கவில்லை, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்பா "எதுக்குப்பா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பெயர் மாற்றி ஓகோவென்று வளர்ந்த நிறுவனங்களை வரிசையாகக் காட்டினார்கள். பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் 2001-ல் கன்சிக்னியா என்று பெயர் மாற்றி, மக்களுக்குப் பிடிக்காமல்போய், 2002-லேயே எல்லோருக்கும் பழகிய ராயல் மெயில் பெயருக்கு வந்த கதை அந்த வரிசையில் இல்லை.

"டிரேட்மார்க் எல்லாம் பார்த்தாச்சு" என்றார்கள். உண்மையில் பார்த்தது டொமைன், அதாவது இணையதள முகவரி, காலியாக இருக்கிறதா என்பதை மட்டும்தான். டிரேட்மார்க்கில் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, நம் வகுப்பிலும் அதை ஒட்டிய வகுப்புகளிலும் தேட வேண்டும், எழுத்து வேறாக இருந்தாலும் காதில் ஒரே மாதிரி விழும் பெயர்களையும் தேட வேண்டும். பலகை மாட்டிய மூன்றாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஏஜென்சியிடம் கேட்டால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: சட்டச் சரிபார்ப்பு வாடிக்கையாளர் பொறுப்பாம். அப்புறம்தான் தெரிந்தது, டொமைனும் அவர்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. லோகோவின் மூலக் கோப்பைத் தரவில்லை, அதன் உரிமையை எழுதிக் கொடுக்கவும் இல்லை.

இதையெல்லாம்விட வலித்தது ஒன்று உண்டு. முப்பது வருடமாக வருகிற ஒருவர் அப்பாவுக்கு போன் செய்து, "வித்துட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார். அன்று அப்பா சாப்பிடவே இல்லை.

தொழிலே வேறாக மாறிவிட்டது, பங்காளிகள் பிரிகிறார்கள், பெயரில் வழக்கு இருக்கிறது, இப்படி ஏதாவது இருந்தால் பெயர் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. எங்களுக்கு அப்படி எதுவுமே இல்லை. உங்களுக்கும் இல்லையென்றால் எழுத்துருவையும் நிறத்தையும் மட்டும் மாற்றுங்கள், போதும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டிரேட்மார்க் வக்கீலை நீங்களே தனியாகப் பாருங்கள், டொமைனை உங்கள் பெயரில் நீங்களே வாங்குங்கள். பழைய பெயரையும் சும்மா விட்டுவிடாதீர்கள், பதிவு செய்திருந்தாலும் பல வருடம் பயன்படுத்தாமல் விட்டால் அதை நீக்கச் சொல்லி இன்னொருவர் கேட்க முடியும்.

பழைய பலகையை நல்லவேளையாக அப்பா எடுத்து வைத்திருந்தார். போன வாரம் அதையே திரும்ப மாட்டினோம். இத்தனை வருடம் பதிவு செய்யாமலே இருந்த தாத்தா பெயருக்கு இப்போதுதான் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.