எறிபொருள் இயக்கம் புரிய ஃபெட்டும் டிராக்கரும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். கொரோனா முடக்கத்தில் பாடமெல்லாம் செல்போன் திரைக்குப் போய்விட்டபோது, எறிபொருள் இயக்கத்தை, அதாவது எறிந்த பொருள் காற்றில் எப்படிப் போகிறது என்ற பாடத்தை, நடத்துவதற்கு இரண்டு இலவச மென்பொருள்களைப் பிடித்தேன். ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் தளத்தின் சிமுலேஷன். இன்னொன்று டிராக்கர், அதாவது நாமே எடுத்த வீடியோவில் பந்தின் இடத்தைப் படம் படமாகக் குறித்து அளக்கும் மென்பொருள். பள்ளிகள் திறந்து வெகுகாலம் ஆகியும் இரண்டையும் நான் விடவில்லை. இரண்டுமே நல்லவைதான். ஆனால் எல்லோரும் ஃபெட்டில் ஆரம்பித்து, நேரம் இருந்தால் டிராக்கருக்குப் போகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பாடத்தில் எது புரியாமல் போகிறது என்று பார்த்துவிடலாம். சூத்திரங்கள் யாருக்கும் பிரச்சினை இல்லை. பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் (எறிந்த இடத்திலிருந்து விழுந்த இடம்வரை உள்ள தூரம்) மூன்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதே மாணவரிடம், மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன்மேல் என்ன விசை செயல்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முன்னோக்கி ஓர் அம்புக்குறி போடுவார்கள். "எறிஞ்ச விசை சார்" என்பார்கள். மீதியில் சிலர் உச்சியில் முடுக்கம் ஜீரோ என்பார்கள். கையை விட்ட கணத்திலேயே கையின் விசை முடிந்துவிட்டது, அதற்கப்புறம் புவியீர்ப்பு மட்டும்தான், அதுவும் கீழ்நோக்கி மட்டும்தான் என்பது மனதுக்கு ஒப்புவதில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பீரங்கிக் குண்டின் பாதையை 1537-இல் எழுதி வெளியிட்ட இத்தாலியக் கணித அறிஞர் டார்டாக்லியா, குண்டு முதலில் நேர்கோட்டில் ஏறும், பிறகு ஒரு வட்ட வில்லில் திரும்பும், கடைசியில் நேராகக் கீழே விழும் என்று வரைந்தார். என் மாணவர்கள் நோட்டில் வரையும் படமும் கிட்டத்தட்ட அதுதான். பாதை பரவளையம் (பாரபோலா) என்று கலிலியோ 1638-இல் அச்சில் கொண்டுவர இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

சரி, ஃபெட்டுக்கு வருகிறேன். 2001-இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் அடுத்த வருடமே தொடங்கிய திட்டம் இது. எறிபொருள் சிமுலேஷனில் ஒரு பீரங்கி இருக்கும். கோணம், வேகம், பீரங்கி நிற்கும் உயரம் எல்லாவற்றையும் மாற்றலாம். குண்டுக்குப் பதிலாகப் பூசணிக்காய், பியானோ, ஏன், ஒரு மனிதனைக்கூடச் சுடலாம். பிரவுசர் இருந்தால் போதும், விலை குறைந்த செல்போனிலும் ஓடுகிறது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம்.

இதில் எனக்கு இன்றுவரை சலிக்காதது 30, 60 டிகிரி விளையாட்டு. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தரையிலிருந்து 30 டிகிரியில் சுட்டால் குண்டு 35.3 மீட்டர் தூரத்தில் விழும். 60 டிகிரியில் சுட்டாலும் அதே 35.3 மீட்டர்தான். ஆனால் முதல் குண்டு 5.1 மீட்டர் உயரம் ஏறி 2 நொடியில் இறங்கிவிடும். இரண்டாவது 15.3 மீட்டர் ஏறி, மூன்றரை நொடி காற்றில் இருக்கும். நெடுக்கத்துக்கான சூத்திரத்தை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு இரண்டும் ஒன்று. இரண்டு பாதைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் பார்த்தவருக்கு அப்படி இல்லை. நெடுக்கம் என்பது கிடைத்தள வேகத்தையும் பறக்கும் நேரத்தையும் பெருக்கி வருவது, ஒன்று குறைந்தால் மற்றது ஈடுகட்டுகிறது என்று அவரே சொல்லிவிடுவார். நீட் வினாத்தாளுக்கும் இந்தப் புரிதல் உதவும்.

திசைவேகக் கூறுகளை அம்புகளாகக் காட்டும் பக்கமும் அருமை. பந்து போகும்போது கிடைத்தள அம்பு நீளம் மாறாமல் அப்படியே இருக்கும். செங்குத்து அம்பு சுருங்கி, மறைந்து, தலைகீழாக வளரும். முடுக்க அம்பு உச்சியிலும் அசையாமல் கீழ்நோக்கியே நிற்கும். இந்த ஒரு காட்சிக்காகவே ஃபெட் வேண்டும்.

அப்புறம் என்ன குறை? ஃபெட் மிகச் சீக்கிரம் சரியான பதிலைச் சொல்லிவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் பாதை வந்துவிடும். மாணவர் எதையும் பந்தயம் கட்ட வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் பியானோவைப் பறக்கவிட்டுச் சிரித்துவிட்டு, "புரிஞ்சுது சார்" என்பார்கள். அடுத்த வாரம் கேட்டால் உச்சியில் மறுபடி முன்னோக்கிய அம்பு. இன்னொன்றும் உண்டு. திரையில் நடப்பது நிரல் எழுதியவர் சொன்னபடி நடப்பது என்று கெட்டிக்கார மாணவர்களுக்குத் தெரியும். "அவங்க அப்படி செட் பண்ணியிருக்காங்க" என்று ஒரு பையன் சொன்னான். நியாயமான சந்தேகம்தானே?

டிராக்கரில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. பந்து உங்களுடையது, மேஜை உங்களுடையது. டக்ளஸ் பிரவுன் என்ற கல்லூரி ஆசிரியர் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் இது. காசு கிடையாது. ஆனால் பழகப் பொறுமை வேண்டும். இடைமுகம் பழைய பாணியில்தான் இருக்கிறது. எல்லா செல்போன் வீடியோவையும் திறக்காது. புதிய போன்கள் இடத்தை மிச்சப்படுத்த எச்.இ.வி.சி. வடிவத்தில் பதிவு செய்கின்றன, டிராக்கர் பெரும்பாலும் அதில்தான் முரண்டு பிடிக்கும். கேமரா அமைப்பில் பழைய எச்.264 வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பதிவு செய்தால் தொல்லை தீரும்.

நான் எப்போதும் செய்யச் சொல்வது ஒரே சோதனைதான். மேஜைமேல் பந்தை உருட்டி விளிம்பிலிருந்து விழவிடுவது, அதைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுப்பது. சாதாரண மேஜை உயரத்திலிருந்து விழ ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் அது 12 படம். மூன்று படத்துக்கு ஒருமுறை பந்தின் இடத்தைக் குறித்தால் இடைவெளி சரியாக 0.1 நொடி. இப்போது புள்ளிகளைப் பாருங்கள். கிடைத்தளத்தில் எல்லாம் சம தூரம். செங்குத்தாகப் பார்த்தால் முதல் 0.1 நொடியில் 4.9 செ.மீ., அடுத்ததில் 14.7, அதற்கடுத்து 24.5, பிறகு 34.3. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படை விகிதம். விழும் பொருளுக்குக் கலிலியோ கண்ட விதி இது. நம் வீட்டு மேஜையிலிருந்து விழும் பந்திலும் அது அப்படியே இருப்பதைக் கண்ட பிறகு யாரும் நிரல் எழுதியவரைச் சந்தேகிப்பதில்லை.

அதே மேஜையிலிருந்து இன்னொரு பந்தை உருட்டாமல் சும்மா விழவிட்டு, இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வையுங்கள். செங்குத்து வரைபடம் இரண்டுக்கும் ஒன்றே. வேகமாக உருட்டிய பந்து கொஞ்சம் தாமதமாகத்தான் விழும் என்று அடித்துச் சொன்னவர்கள் இங்கேதான் அமைதியாவார்கள். பாதையின் வளைவைப் பார்ப்பதைவிட, நேரத்துக்கு எதிராகக் கிடைத்தளத்தையும் செங்குத்தையும் தனித்தனியாக வரைந்து பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது. ஒன்று நேர்கோடு, மற்றது பரவளையம். ஃபெட்டில் கண்ணுக்கு முதலில் படுவது பாதை. டிராக்கரில் இந்த இரண்டு வரைபடங்கள். என் வரிசைக்கு முதல் காரணம் அதுதான்.

டிராக்கரில் புவியீர்ப்பு முடுக்கம் தவறாக வந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் பார்க்க வேண்டும். முதலாவது அளவுகோல். நீளத்துக்கு ஒப்பிட ஓர் அளவுகோலைப் படத்துக்குள் வைக்க வேண்டும், அதுவும் பந்து விழும் அதே தளத்தில். கேமராவிலிருந்து பந்து 3 மீட்டரில் இருக்க, அளவுகோல் 30 செ.மீ. பின்னால் சுவரோடு ஒட்டியிருந்தால், அது உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். மென்பொருள் எல்லா நீளத்தையும் 10 சதவீதம் கூட்டிச் சொல்லும். 9.8 வர வேண்டிய இடத்தில் 10.8 வரும். இரண்டாவது ஸ்லோ மோஷன். நொடிக்கு 240 படம் எடுத்த வீடியோவை 30 என்று டிராக்கர் எடுத்துக்கொண்டால் நேரம் எட்டு மடங்கு நீளும், முடுக்கம் 64 மடங்கு குறையும். விடை 0.15 என்று வந்து நிற்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். நேரம் இருமடியாக வருகிறது என்பதை அதைவிட நன்றாக எந்தக் கணக்கும் சொல்லித்தராது. செங்குத்து வரைபடத்தில் பரவளையத்தைப் பொருத்தினால், நேரத்தின் இருமடியைப் பெருக்கும் எண்ணாக (கெழு) டிராக்கர் தருவது 4.9-ஐ ஒட்டி வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடுக்கம் அதன் இரு மடங்கு.

மடிக்கணினி இல்லாத வீடுகள் நிறைய. அவர்களுக்குக் கார்பன் தாள் போதும். ஒரு சாய்தளத்தில் கோலியை உருட்டி, மேஜை விளிம்பில் கிடையாகத் திருப்பி, தரையில் வெள்ளைத்தாளும் அதன்மேல் கார்பன் தாளும் விரித்தால், விழுந்த இடத்தில் புள்ளி விழும். சாய்தளத்தில் கோலியை விடும் உயரத்தை 10 செ.மீ.-இலிருந்து 20 ஆக்கினால் நெடுக்கம் இரு மடங்கு ஆகாது, 1.4 மடங்குதான் ஆகும். 1608-ஐ ஒட்டிக் கலிலியோவே இப்படித்தான் பந்தை உருட்டி, விழுந்த தூரங்களைத் தாளில் குறித்து வைத்தார். அந்தக் கையெழுத்துத் தாள் இன்றும் இருக்கிறது. துல்லியமான கடிகாரம் இல்லாத காலத்தில் விழும் நேரத்தையே மாறாத அளவாக வைத்து வேகத்தைத் தூரமாக மாற்றிய புத்திசாலித்தனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமையாக இருக்கும்.

டிராக்கரை வைத்திருப்பவர்கள் நிலவுக்கும் போய்வரலாம். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16-இன் ஜான் யங் நிலவில் கொடிக்கு முன்னால் குதித்துக்கொண்டே சல்யூட் வைக்கும் காட்சி நாசாவின் வீடியோக்களில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் குதியில் அவர் தரையை விட்டு இருந்தது ஏறத்தாழ 1.45 நொடி, ஏறிய உயரம் சுமார் 42 செ.மீ. உயரத்தை எட்டால் பெருக்கி நேரத்தின் இருமடியால் வகுத்தால் 1.6 வருகிறது. நிலவின் ஈர்ப்பு முடுக்கம் அதுவேதான். அதே வேகத்தில் பூமியில் எம்பியிருந்தால் 7 செ.மீ.தான் ஏறியிருப்பார். மாணவர்கள் அதிகம் சண்டை போட்டுக் கணக்குச் செய்வது இந்த வீடியோவுக்குத்தான்.

இத்தனைக்கும் பிறகு ஃபெட்டுக்குத் திரும்பினால் அது வேறு மாதிரி பயன்படுகிறது. கேள்வி கையில் இருக்கும்போதுதான் அது நல்ல கருவி. குண்டு எறிதல் (ஷாட் புட்) விளையாட்டில் 45 டிகிரிதானே சிறந்த கோணம்? பீரங்கியை 2 மீட்டர் உயர்த்திப் பார்த்தால் உச்ச நெடுக்கம் 45-க்குச் சற்றுக் கீழே வரும். நொடிக்கு 14 மீட்டர் வேகத்துக்கு 42 டிகிரியை ஒட்டி. உண்மையான வீரர்கள் அதைவிடவும் தாழ்வாக, பெரும்பாலும் 40-க்கும் கீழே எறிகிறார்கள். மேல்நோக்கித் தள்ளத் தள்ள அவர்களால் அதே வேகத்தைக் கொடுக்க முடிவதில்லை. அது பீரங்கிக்கு இல்லாத தொல்லை, ஃபெட்டில் தெரியாது.

காற்றுத்தடை பக்கத்தை ஆசிரியர்கள் பலர் பாடத்திட்டத்தில் இல்லை என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். டேபிள் டென்னிஸ் பந்தின் நிறை 2.7 கிராம். நொடிக்கு எட்டொன்பது மீட்டர் வேகத்தில் காற்றுத்தடை அதன் எடைக்குச் சமமாகிவிடும். கிரிக்கெட் பந்துக்கு அந்த வேகம் நொடிக்கு 35 மீட்டரைத் தாண்டும். இரண்டையும் மெதுவாக மேஜையிலிருந்து உருட்டினால் வித்தியாசம் தெரியாது. வேகமாக எறிந்தால் டேபிள் டென்னிஸ் பந்தின் பாதை ஏறும்போது நீண்டும் இறங்கும்போது செங்குத்தாகவும் போகும், கொஞ்சம் டார்டாக்லியாவின் படத்தைப் போல. அந்த மனிதர் ஒரேயடியாகக் கற்பனை செய்யவில்லை என்று தோன்றும்.

பந்தின் சுழற்சியை ஃபெட் எறிபொருள் சிமுலேஷன் கணக்கில் எடுப்பதே இல்லை. டிராக்கர் வளைந்த பாதையை அளந்து கொடுக்கும், காரணத்தைச் சொல்லாது. ஆகவே வாலிபால் சர்வ், சுழல்பந்து என்று வீடியோவோடு வரும் மாணவர்களை முதலில் மேஜைப் பந்துக்கே திருப்பி அனுப்புகிறேன். டிராக்கரில் பந்தைத் தானாகத் தொடரும் வசதி இருக்கிறது. வெளிச்சம் நன்றாக இருந்து, பந்தும் பின்னணியும் வேறு நிறமாக இருந்தால் பிடிக்கும். எங்கள் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் பந்து கோடாக இழுபட்டு, பாதி வழியில் நழுவிவிடும். பகலில் மொட்டைமாடியில் எடுத்தால் சரியாக வருகிறது. இல்லையென்றால் கையால் குறித்துவிடுங்கள், 12 படம்தானே.