போளிக்கு நூற்றுக்கு நூறு, பில்லுக்குப் பூஜ்யம்

களியக்காவிளை எல்லை தாண்டி திருவனந்தபுரம் போகும் நம்ம ஊர்க்காரர்கள் நட்சத்திர ஓட்டலில் சாப்பிட நினைத்தால், ராத்திரியை விட்டுவிட்டு வார நாள் மத்தியானம் சத்யாவுக்கு, அதாவது கேரள விருந்துச் சாப்பாட்டுக்குப் போங்கள். ராத்திரி மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் செய்வதைவிட செலவு நன்றாகக் குறையும். மத்தியானம் மேசைகள் காலி, சமையல்காரர் சம்பளம் எப்படியும் உண்டு, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்பதால் வீணாவதும் கம்மி. ஞாயிறும் ஓண நாட்களும் இந்தக் கணக்கில் சேராது.

பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிட வேண்டும். நேரம் ஆக ஆக அடைப்பிரதமன் என்கிற வெல்லப் பாயசத்தில் அரிசி அடைத் துண்டுகள் தேங்காய்ப்பாலை உறிஞ்சிக் களியாகிவிடும், பப்படம் நமுத்துப்போகும். சாப்பாடு வாழையிலையிலா, கிண்ணம் அடுக்கிய தட்டிலா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இலை என்றால் பருப்பு, நெய், பப்படத்தில் தொடங்கி சம்பாரம் என்கிற மோர் வரை வரிசை தப்பாது. போளியை இலையில் பிசைந்து, அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றுகிற வழக்கத்தை ஏசி ஹாலிலும் விடாமல் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் இதையே கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே ஒரு புதினா இலையோடு நீட்டுவார்கள்!

எல்லாம் முடிந்து தோல் உறையில் பில் வரும். அதில் 'சேவைக் கட்டணம் 10%'. இங்கேதான் எரிகிறது. சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் போட்டிருப்பான். பத்து சதவீதம் சர்வீஸ், ஒன்பது ஜிஎஸ்டி என்று தெரிந்தே உட்காருவோம். இங்கே கை கழுவிய பிறகுதான் தெரிகிறது.

750 ரூபாய்ச் சாப்பாடு என்று வையுங்கள். சேவைக் கட்டணம் 75 சேர்ந்து 825. ஜிஎஸ்டியை 750க்குப் போடாமல் 825க்குப் போடுகிறார்கள். தனி உணவகம் என்றால் 5%, மொத்தம் 866.25, நியாயமாக வரவேண்டியது 787.50. அறை வாடகை 7,500க்கு மேல் வாங்கும் ஓட்டல் என்றால் 18%, அப்போது 885 வரவேண்டிய இடத்தில் 973.50. தொகை பெரிதில்லைதான். ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது: சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைக் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அப்புறமும் பில் மெஷின் பாட்டுக்கு அடித்துத் தள்ளுகிறது.

பரிமாறுகிற தம்பியிடம் சண்டை வேண்டாம், அவர் கையில் ஒன்றும் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, "சேவைக் கட்டணம் எடுத்துட்டு புது பில் போடுங்க" என்றால் போதும். கார்டு தேய்ப்பதற்கு முன்பே கேளுங்கள். பணம் போன பிறகு திரும்ப வாங்குவது தலைவலி. மறுத்தால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிக்கலாம்.

தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலே திறப்பார்கள். உட்கார்ந்ததும் சாதாரணத் தண்ணீர் என்று சொல்லிவிடுங்கள்; பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்ட வெந்நீர் இருந்தால் இன்னும் நல்லது. டிப்ஸ் கொடுப்பதானால் போளி பரிமாறியவர் கையிலேயே ரொக்கமாகக் கொடுங்கள்.