பதினாலு மாசமா வீட்டுக்கு பூ அனுப்புறேன், போட்டோல வாசம் வராதுங்க

ஆபீஸ்ல ஒரு அக்கா நேத்து கேட்டாங்க, "நீ மதுரைல அம்மாவுக்கு டெய்லி பூ அனுப்புறல்ல, அந்த கடை நம்பர் குடு, எங்க மாமியாருக்கும் சொல்லி வைக்கிறேன்"னு. சட்டுனு குடுத்திருக்கணும், ஆனா குடுக்கல, அப்புறம் தர்றேன்னு மழுப்பிட்டு வந்துட்டேன். ஏன் மழுப்புனேன்னு யோசிச்சா பெரிய கதையா வருது. கடை பேர் மட்டும் கேக்காதீங்க.

எங்க வீட்ல தினமும் பூ வாங்கிட்டு வர்றது அப்பா வேலை. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அவரால சைக்கிள் மிதிக்க முடியல. நான் இருக்கிறது பெங்களூர்ல. முதல்ல அம்மா பொறந்தநாளுக்கு ஒரு ஆப்ல ரோஸ் பொக்கே போட்டேன், ஜிகினா பேப்பர் ரிப்பன் எல்லாம் சுத்தி போச்சு. அம்மா அத பிரிச்சு சாமி படத்துக்கு ஒண்ணு ஒண்ணா வச்சுட்டு, "இத தலையில வைக்கவாடி முடியும், எதுக்கு தண்டமா காசு"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் ஏரியாலயே டெலிவரி பண்ற பூக்கடைய புடிச்சேன். தினம் 2 முழம் மல்லி, மாசம் 1,800 ரூபாய், ஒண்ணாந்தேதி ஜிபே பண்ணிடணும்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். கட்டு அவ்ளோ நெருக்கம், வாழைநார்ல கட்டி வாழையிலைல மடிச்சு வரும், பிளாஸ்டிக் கவர்ல போட்டு வேர்க்க விடுற வேலையே இல்ல. கொட்டுற மழையிலயும் பையன் வந்துட்டான். 14 மாசத்துல லீவு விட்டது நாலே நாள், அதுவும் முன்னாடியே சொல்லிட்டு.

ஆரம்பத்துல காலை 6 மணிக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன், பூஜைக்கு ஆகும்னு. அது என் முட்டாள்தனம். மல்லி மொட்டு பறிக்கிறதே விடியக்காலைலதான், உசிலம்பட்டி திருமங்கலம் நிலக்கோட்டை பக்கமெல்லாம் இருந்து மாட்டுத்தாவணிக்கு வந்து எறங்கி, அப்புறம் கடைக்கு வந்து, கட்டணும். அப்போ 6 மணிக்கு வீட்டுக்கு வர்ற பூ என்னைக்கு பூ? முந்தின நாள் மொட்டுதான். மல்லி சாயங்காலம் விரியற பூ, அது ராத்திரியே விரிஞ்சு, சாமிக்கு போடுறப்போ ஓரம் பழுத்து போயிருக்கும். இத கடைக்காரர் சொல்லியிருக்கலாம், சொல்லல. நானா கண்டுபிடிச்சு 11 மணிக்கு மாத்துனேன், அன்னையில இருந்து மொட்டா வருது. நீங்க எந்த கடைல சொன்னாலும் இத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

இப்போ என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். டெலிவரி ஆனதும் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வரும். வெள்ளை வெளேர்னு, தண்ணி தெளிச்சு, அத பாத்துட்டுதான் நான் டீ குடிக்கவே போவேன். அம்மாகிட்ட கேட்டா "ம், வந்துச்சு, நல்லாருக்கு". இப்படியே மார்கழி பூரா ஓடுச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், 11 மணிக்கு பூ வருது, நானே கைநீட்டி வாங்குறேன், வாசமே இல்ல! நடுவுல நடுவுல காக்கட்டான். வெள்ளையா பாக்க மல்லி மாதிரியேதான் இருக்கும், வாசம் பேருக்குத்தான். 2013-ல புவிசார் குறியீடு வாங்குன பூவுக்கு பேர்போன ஊர்ல உக்காந்துக்கிட்டு எங்கம்மா காக்கட்டான வச்சுக்கிட்டு திரிஞ்சிருக்காங்க, நான் பெங்களூர்ல போட்டோவுக்கு ஹார்ட் போட்டுட்டு இருந்திருக்கேன்.

கடைக்குப் போய் கேட்டேன். "என்னம்மா பண்றது, பனியில வரத்து இல்ல, கிலோ 2,000 தாண்டிருச்சு, நீங்க குடுக்குறது அதே 1,800"ன்னார். நியாயம்தான், இல்லேங்கல. சித்திரைல கிலோ 300-க்கு எறங்குனப்பவும் அதே 1,800தான் வாங்குனார், அது தனிக்கதை. "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு முழமா குறைச்சிருப்பேன்ல"ன்னேன். அதுக்கு அவர், "அம்மா ஒண்ணும் சொல்லலையேம்மா"ன்னுட்டார்.

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. காசு குடுக்குற எனக்கு மோந்து பாக்க வழியில்ல, மோந்து பாக்குற அம்மா புள்ள காசாச்சேன்னு வாய தொறக்க மாட்டாங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல கடைக்காரர் ஹாயா காக்கட்டான சொருகிட்டார். அவரு மோசமான ஆளுன்னும் சொல்ல மனசு வரல, ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல அப்பாவுக்கு மருந்து கூட அந்த பையன்தான் ரெண்டு தடவ வாங்கிட்டு வந்து குடுத்தான். ஆனா அந்த அக்காவுக்கு நம்பர் குடுக்க மாட்டேன், முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு அவங்க மாமியார் ஏதாவது சொன்னா என் தலைதான் உருளும்.

ஆமா, இந்த மாசத்துக்கும் 1,800 போட்டாச்சு. வேற யாரு அந்த மாதிரி கட்டுறாங்க, சொல்லுங்க பாப்போம்.

இன்னைக்கு 11:20-க்கு போட்டோ வந்துச்சு. ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்தேன், மல்லியா மத்ததான்னு ஒரு எழவும் தெரியல. உடனே போன் போட்டு "அம்மா, இலைய பிரிச்சு மோந்து பாத்து உண்மைய சொல்லு"ன்னேன்.

"ரெண்டு நாளா சளிடி, எனக்கு ஒரு வாசமும் தெரியல"ங்கிறாங்க.