மோஷி நகர்ப் பள்ளியில் 6 வாரத் தன்னார்வப் பணி: அனுப்பிவைத்த முகமை பற்றி

தான்சானியாவின் வடக்கே, கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் இருக்கும் மோஷி நகரின் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில், கடந்த மே, ஜூன் மாதங்களில் மாணவத் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்திருக்கிறேன். மதுரையில் இளங்கலைக் கணிதம் 2-ஆம் ஆண்டு படிக்கும் எனக்கு இந்த இடத்தை ஏற்பாடு செய்து கொடுத்தது, மாணவர்களை வெளிநாட்டுத் தன்னார்வப் பணிகளுக்குச் சேர்த்துவிடும் ஒரு முகமை. தங்குமிடம், உணவு உட்பட 6 வாரங்களுக்கு 600 டாலர் கட்டணம். விமானச் செலவும் விசாச் செலவும் தனி. அந்தப் பள்ளிக்கு இன்னொரு முறை போகச் சொன்னாலும் போவேன்; ஆனால் முகமைக்கு 5-க்கு 2 மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

பெரிய குறை, அவர்கள் குறித்துக் கொடுத்த தேதி. தான்சானியாவில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நடுவே ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விட்டுவிடுகிறார்கள். நம் கல்லூரிகளின் கோடை விடுமுறையை மட்டும் கணக்கில் வைத்து மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதி வரை எனக்கு இடம் ஒதுக்கிய முகமை, இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆகவே 6 வாரங்களுக்குப் பணம் கட்டிய நான் வகுப்பில் நின்றது 3 வாரங்கள்தாம். மீதி நாட்களுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, தனிக் கட்டணத்தில் ங்கோரோங்கோரோ வனவிலங்குக் காப்பகத்துக்குச் சுற்றுலா போய்வரலாம் என்றார்கள். பள்ளி திறந்திருக்கும் நாட்களைத் தலைமையாசிரியரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்பதால், இதைச் சிறிய கவனக்குறைவாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விசா விஷயத்திலும் இதே அலட்சியம். சுற்றுலா விசாவே போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஊதியம் இல்லாத பணிக்கும் அந்நாட்டில் உரிய அனுமதி பெற வேண்டும் என்பதை நானே படித்துத் தெரிந்துகொண்டு வற்புறுத்திய பிறகுதான் அதற்கு விண்ணப்பித்தார்கள்.

ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று அவர்கள் சொன்னதும் சரியல்ல. அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 7-ஆம் வகுப்பு வரை பயிற்றுமொழி சுவாஹிலி. ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. எனக்குக் கொடுத்த 3-ஆம் வகுப்பில் 70 பிள்ளைகள், ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். முதல் நாள் கரும்பலகையில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும் கணக்கை எழுதி, கடன் வாங்க வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பின்னால் அமர்ந்திருந்த வகுப்பாசிரியை எழுந்து வந்து, மேசையில் சோடாப் புட்டி மூடிகளைப் பத்துப் பத்தாக ஐந்து குவியலும், தனியே இரண்டும் வைத்தார். ஒரு குவியலைக் கலைத்து அந்த இரண்டோடு சேர்த்துவிட்டு, 'கோப்பா' என்று ஒரே சொல் சொன்னார். கடன் வாங்கு என்று பொருள். பிள்ளைகள் உடனே விடையைச் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து பாடத்தை அவரே நடத்த, நான் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன். 70 பிள்ளைகளை ஒருவராகக் கவனிக்கும் ஆசிரியைக்குத் தேவைப்பட்டது இந்த உதவிதான். முகமையின் விளம்பரமோ, ஆசிரியரே இல்லாத பள்ளிக்கு நாம் ஆசிரியராகப் போகிறோம் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. பல ஆண்டுகளாக அங்கே உழைக்கும் ஆசிரியர்களுக்கு இது பெரிய அவமரியாதை.

தங்கியிருந்த வீட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உகாலி என்னும் சோளமாவுக் களியும், அவரை விதைக் குழம்பும், சப்பாத்தியும் சைவம் சாப்பிடும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமூ' என்று வணங்க வேண்டும் என்பதையும், அங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுவதால் காலை 7 மணியை 'ஒரு மணி' என்பார்கள் என்பதையும் அந்த வீட்டு அம்மாதான் சொல்லிக் கொடுத்தார். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது எளிதில் பிடிபடும். முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

பள்ளி மூடிய பின் ஆசிரியையும் நானும் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, அடுத்த பருவத்துக்கான எண் அட்டைகள் செய்தோம். மார்க்கர் பேனாவுக்கும் பசைக்கும் அவரே கைக்காசு போட்டார். நான் கட்டிய 600 டாலரில் பள்ளிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை என்பதைத் தலைமையாசிரியர் மூலம் அப்போதுதான் அறிந்தேன்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள், பள்ளி வேலைநாட்களைக் காட்டும் தலைமையாசிரியரின் கடிதத்தையும், கட்டணத்தில் பள்ளிக்குப் போகும் பங்கு எவ்வளவு என்ற கணக்கையும் எழுத்தில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம். இவ்விரண்டையும் விண்ணப்பப் படிவத்திலேயே சேர்க்கும்படி முகமைக்கு எழுதினேன். அடுத்த முறை பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அவர்களுடைய புதிய படிவத்திலும் இன்னும் மே, ஜூன் மாதங்களே இருக்கின்றன.