ஆப்டேன் மெமரி பூட்டிய ஹார்ட் டிஸ்கில் ரைட் கேஷிங்: மண்டபத்தில் கிடைத்த நீண்டநாள் அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் மீனும் நண்டும் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் கணினியை 2018-லிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதற்குத் துணையாக மதர்போர்டில் செருகும் சின்ன, வேகமான நினைவகமான 16 ஜிபி இன்டெல் ஆப்டேன் மெமரி. எஸ்எஸ்டி விலை கையைக் கடித்த நேரத்தில் இந்த ஜோடி நல்ல ஏற்பாடு. விண்டோஸ் சட்டென்று எழும், கணக்கு மென்பொருள் தட்டியதும் திறக்கும். அடிக்கடி தொடும் கோப்புகளை ஆப்டேன் தன்னிடம் வைத்துக்கொள்வதால் வரும் வேகம் இது. பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் பழைய ஹார்ட் டிஸ்க் வேகம்தான், அதில் மாற்றமில்லை.

சிக்கல் கரண்டில் வந்தது. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் மின்சாரம் போவதும் வருவதுமாகவே இருக்கும். 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, நகராமல் நின்று மழை கொட்டிய நாட்களில் சொல்லவே வேண்டாம். படகு வந்து எடை போட்டு பில் அடிக்கிற நேரத்தில் கரண்ட் போகும். திரும்பி வந்து பார்த்தால் கடைசியாக அடித்த சில பில்கள் இருக்காது. டிஸ்க் எழுதுவதைத் தள்ளிப்போடுவதுதான் காரணம், அப்படித் தள்ளிப்போட விடும் ரைட் கேஷிங்கை அணைத்துவிடலாம் என்று டிவைஸ் மேனேஜரில் டிஸ்கின் பாலிசிஸ் பக்கத்தைத் திறந்தோம். கணக்கு எழுதும் தம்பி முயன்று பார்த்துவிட்டு, "அண்ணே, டிக்கை எடுத்தா திரும்ப வந்து உக்காந்துக்குதுண்ணே" என்றான். சில சமயம் இந்தச் சாதனத்தில் செட்டிங்கை மாற்ற முடியவில்லை என்று விண்டோஸே ஒரு செய்தியும் காட்டும்.

இதைப் பார்த்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆப்டேன் இயங்கும்போது டிஸ்கும் ஆப்டேனும் சேர்ந்து ஒரே டிஸ்காகத்தான் விண்டோஸுக்குத் தெரிகின்றன. நடுவில் நின்று பேசுவது இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர். பாலிசிஸ் பக்கத்தில் நாம் எடுக்கும் டிக், பின்னால் இருக்கும் நிஜ டிஸ்குக்கு நேராகப் போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இன்டெலின் ஆப்டேன் மெமரி அண்ட் ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட் செயலியை. அதில் ஆப்டேனை டிஸேபிள் செய்து, வேலை முழுதாக முடியும்வரை பொறுத்திருந்து, ரீஸ்டார்ட் செய்தோம். அப்புறம் அதே பாலிசிஸ் பக்கம் சொன்னபடி கேட்டது.

சரி, கேஷிங்கை அணைத்தோம். நிம்மதி கிடைத்ததா? இல்லை. ஹார்ட் டிஸ்கில் ரைட் கேஷ் இல்லாமல் சின்னச் சின்ன எழுத்து வேலை நடந்தால் மெஷின் தவழ்கிறது. படகுக்காரர்கள் வரிசையில் நிற்க, ஒவ்வொரு பில்லுக்கும் திரை யோசித்துக்கொண்டிருந்தது. திரும்பவும் போட்டுவிட்டேன். அந்த முடிவில் இன்றுவரை மாற்றமில்லை.

பாலிசிஸ் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. எடை போடும் இடத்தில் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவோமே, முதல் கட்டமான ரைட் கேஷிங் அந்தத் துண்டுச்சீட்டுக்கான அனுமதி. முக்கியமான பதிவு வரும்போது மென்பொருள், "இதை இப்போதே பேரேட்டில் ஏற்று" என்று கட்டளை கொடுக்கும். அதற்குப் பெயர் ஃப்ளஷ். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டால் அந்தக் கட்டளையையே விண்டோஸ் டிஸ்குக்கு அனுப்பாமல் விட்டுவிடும். டிஸ்குக்குத் தனியாக மின்சார ஏற்பாடு இருந்தால் தவிர இதைத் தொடாதே என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. வேகம் கூடும் என்று சொல்லி யாராவது இரண்டாவதையும் போட்டு வைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். கடலோரத்தில் கணக்கு வழக்கு ஓடும் மெஷினில் அதற்கு இடமே கிடையாது.

பில் காணாமல் போனதற்கு நிஜமான மருந்து யுபிஎஸ். கம்பெனியில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பல இன்வெர்ட்டர்களில் சாதாரண மோடில் கரண்ட் மாறும் அந்த ஒரு நொடிக்குள் கணினி அணைந்துவிடும். பின்பக்க சுவிட்சை யுபிஎஸ் மோடுக்குத் தள்ளினால் தாங்கும். எங்கள் மெஷினுக்குத் தனியாக 600 விஏ யுபிஎஸ் வாங்கி வைத்த பிறகு விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு அபூர்வமாகிவிட்டது. மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் அணைந்து மீண்டும் எழுந்தால் விழும் பதிவு அது. உங்கள் பிரச்சினை கேஷிங்கா கரண்டா என்று தெரிய, இந்தப் பதிவின் நேரத்தையும் பில் போன நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

உப்புக்காற்றின் வேலை தனி. பெட்டியைத் திறந்து மதர்போர்டைப் பார்த்தால் ஆப்டேன் செருகியிருக்கும் எம்.2 ஸ்லாட் பக்கத்தில் தங்கநிறக் கால்கள் மங்கி, திருகைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் போதும். அதைவிடப் பெரிய தொல்லை, வட்டமான சிமாஸ் பேட்டரி. அது செத்தால் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பழைய நிலைக்குப் போய், டிஸ்கோடு பேசும் முறையான சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று மாறிவிடலாம், அப்போது விண்டோஸ் எழாது. டிஸ்க் போய்விட்டது என்று பதறி ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். பேட்டரியை மாற்றி, பயாஸில் ஆப்டேனுக்கான ஆர்எஸ்டி (ரேபிட் ஸ்டோரேஜ்) மோடைத் திரும்ப வைத்தாலே எழுந்துவிடும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஆப்டேன் கரண்ட் போனாலும் எழுதியதை மறக்காது. ஆனால் கடைசியாக எழுதியவற்றில் சில அதில் மட்டும் இருக்கும், ஹார்ட் டிஸ்குக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆப்டேனை டிஸேபிள் செய்யாமல் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் அரைகுறைக் கணக்குதான் தெரியும். சர்வீசுக்குக் கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

ஆப்டேன் தொழிலை முடித்துக்கொள்வதாக இன்டெல் 2022-ல் அறிவித்துவிட்டது. இப்போது புதிதாக இந்த ஜோடியைத் தேடி வாங்கக் காரணமே இல்லை, சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும். செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு மெஷின் கைக்கு வந்தால் பயன்படுத்தலாம். மாற்றுவதென்றால் எங்கள் ஊரில் தோதான நேரம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பில்லும் குறைவு. முதலில் வெளி டிஸ்கில் பேக்கப், அடுத்து ஆப்டேனை டிஸேபிள், ரீஸ்டார்ட், அதன்பிறகே எஸ்எஸ்டிக்கு குளோன், அதாவது டிஸ்கின் முழு நகல். நாங்கள் மாற்றியதும் இந்த வரிசையில்தான். எஸ்எஸ்டியிலும் முதல் கட்டத்தில் டிக் இருக்கிறது, இரண்டாவது காலி, யுபிஎஸ் பழைய இடத்திலேயே.